பெயருக்கு வந்த சோதனை



தூத்துக்குடியில் ஒரு வணிகக் குடும்பத்துக்கு நேர்ந்த சோதனையை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அக்குடும்பத்தின் தலைவர் எனக்கு நெடுநாள் பழக்கமானவர். வயதில் மூத்தவராதலால் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். "என் பெயரை எழுத வேண்டாம், ஆனால் நான் செய்த தவறை மறைக்காமல் எழுதுங்கள். நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அவர் கேட்டுக் கொண்டார். அவருடைய விருப்பத்தை மதித்தே இதனை எழுதுகிறேன்.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் பலசரக்கும் கட்டுமானப் பொருள்களும் தோணிகளில் ஏறிச் செல்வதை நம் கரையோரத்தார் அறிவார்கள். காக்காவின் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக அதுவே தொழில். அவருடைய வாப்பா காலத்தில் மாலே நகரிலிருந்து சரக்குக் கேட்டுத் தந்தி வரும். இன்று மின்னஞ்சல் வருகிறது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன் காக்கா தம் நிறுவனத்தின் பெயரில் ஓர் இணையதளமும், அதே பெயரில் முடியும் மின்னஞ்சல் முகவரியும் அமைத்துக் கொண்டார்.

மாலேயிலுள்ள வணிகர் காக்காவின் கடையைக் கண்டதில்லை, கிடங்கைக் கண்டதில்லை. கணினித் திரையில் தெரியும் அந்தப் பெயரை நம்பியே முன்பணம் அனுப்புகிறார். இது நம் கரைக்குப் புதியதன்று. தூத்துக்குடியிலும் காயலிலும் கீழக்கரையிலும் முத்து வணிகம் நடந்த நாளில், முத்தைத் தரம் பார்க்கத் தெரியாதவர் விற்பவரின் பெயரைத் தரம் பார்த்தார். 1961-க்குப் பிறகு இக்கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பெயரை நம்பி வாங்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இணையத்தில் வழங்கும் இப்பெயரை டொமைன் என்கிறார்கள். 'டாட் காம்', 'டாட் இன்' என்று முடியும் பெயர்கள் யாவும் டொமைன்களே. அவற்றை நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாடகைக்கு எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிக அளவாகப் பத்து ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். முதலில் கேட்பவருக்கு முதலில் கிடைக்கும். கேட்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று பதிவு செய்பவர் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. எல்லாத் தொல்லைகளும் இந்த ஓர் இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் வந்த மிரட்டல்

ஒருநாள் காக்காவுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. "உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சீனா, ஹாங்காங், ஆசியா ஆகியவற்றுக்குரிய டொமைன்களாகப் பதிவு செய்து தருமாறு ஒருவர் எங்களிடம் விண்ணப்பித்திருக்கிறார். பெயருக்கு உரியவர் நீங்கள் என்பதால் உங்களுக்கு முன்னுரிமை அளிக்கிறோம். ஏழு நாள்களுக்குள் பதில் வராவிட்டால் அவருக்கே வழங்கி விடுவோம்" என்பது அதன் சாரம்.

காக்காவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. வாப்பா கட்டிக் காத்த பெயர் அந்நியன் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம். கேட்ட தொகையைக் கட்டிவிட முடிவு செய்தார். கணினிப் படிப்பு முடித்து வீட்டிலிருந்தே கணக்குகளைக் கவனித்து வரும் அவருடைய மகள்தான் குறுக்கிட்டார்.

"வாப்பா, நமக்குச் சீனாவில் வியாபாரம் இருக்கிறதா?"

"இல்லையேம்மா."

"அப்படியானால் அங்கே ஒருவர் அந்தப் பெயரை எடுத்துக் கொண்டால் நம் தோணிக்கு என்ன நட்டம்? பெயர் பதிவு செய்து தருகிற உண்மையான நிறுவனம், கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நம்மைத் தேடி வந்து எச்சரிப்பது அதன் வேலையே இல்லை. அப்படியொருவர் விண்ணப்பித்தார் என்பதே கட்டுக்கதையாக இருக்கும்."

மகள் சொன்னது சரி. உலகின் பல நாடுகளில் பல்லாண்டுகளாக நடந்து வரும் ஏமாற்று இது. பதில் எழுதினால் 'இவர் அஞ்சுகிறார்' என்று அறிந்து மேலும் மேலும் எழுதுவார்கள். பணம் கட்டினால், நமக்குத் தேவையே இல்லாத நான்கைந்து பெயர்களைப் பன்மடங்கு விலைக்கு நம் தலையில் கட்டி விடுவார்கள்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. 'உங்கள் டொமைன் காலாவதியாகப் போகிறது; உடனே புதுப்பியுங்கள்' என்று ரசீதைப் போலவே அச்சிட்ட தாள் ஒன்று வரும். அதை அனுப்புபவர் நம் பெயரைப் பதிவு செய்து கொடுத்தவர் அல்லர். பணம் கட்டினால், நமக்குத் தெரியாமலேயே நம் பெயரை அவர்களிடம் மாற்றிக் கொள்ள ஒப்புதல் கொடுத்தவர்களாகி விடுவோம். அமெரிக்காவில் இப்படித் தாள் அனுப்பி வந்த ஒரு நிறுவனத்தை அந்நாட்டு வணிக ஆணையம் 2003-இல் நீதிமன்றத்துக்கு இழுத்தது.

காக்கா பணம் கட்டவில்லை, பதிலும் எழுதவில்லை. ஏழு நாள் கழிந்தது, எழுபது நாளும் கழிந்தது, ஒன்றும் நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனம் ஆறினார். ஆனால் அந்த நிம்மதியே அவரைப் பின்னர் தவறான முடிவுக்குக் கொண்டு சென்றது.

இரண்டாவதாக வந்த செய்தி

எட்டு மாதங்களுக்குப் பின், மாலேயிலிருந்து ஓர் இளம் வணிகர் தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டதா?" என்று கேட்டார். தமக்கு வந்த மின்னஞ்சலையும் அனுப்பி வைத்தார். நிறுவனத்தின் சின்னம் அதே. கீழே ஒப்பமிட்டிருந்த பெயர் அதே. தொலைபேசி எண் மட்டும் வேறு. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது மகளுக்கு விளங்கியது. நிறுவனத்தின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து வரும் இடத்தில், அதே எழுத்து இரட்டித்திருந்தது. யாரோ அந்த இரட்டை எழுத்துப் பெயரைத் தனியாகப் பதிவு செய்து கொண்டு எழுதியிருக்கிறார்கள். 'எங்கள் வங்கிக் கணக்குத் தணிக்கையில் உள்ளது. இனிப் பணத்தை இப்புதிய கணக்குக்கு அனுப்புக' என்பதுதான் அதில் இருந்த செய்தி.

"வாப்பா, நம்மோடு வரவு செலவு வைத்திருக்கும் எல்லாருக்கும் இன்றே சொல்லிவிட வேண்டும்" என்றார் மகள்.

காக்கா ஒப்பவில்லை. "போன தடவையும் இப்படித்தான் பயந்தோம். பேசாமலிருந்தோம், தானாகப் போய்விட்டது. இப்போது ஊரெல்லாம் சொன்னால், இவர்களிடம் ஏதோ கோளாறு என்று நம் பெயரல்லவா கெடும்?" என்றார். வாப்பாவின் சொல்லுக்கு மேல் மகள் பேசவில்லை.

பதினைந்து நாள் சென்றது. இருபது ஆண்டுகளாகக் காக்காவிடம் சரக்கு வாங்கி வரும் மற்றொரு மாலே வணிகர் அழைத்தார். "பணம் அனுப்பி ஒரு வாரமாயிற்றே, சரக்கு எந்தத் தோணியில் ஏறுகிறது?" என்று கேட்டார். பாதித் தோணியை நிரப்பக்கூடிய சரக்கின் முன்பணம் அது. போய்ச் சேர்ந்த கணக்கோ காக்காவினுடையது அன்று.

"அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கை நடுங்கியது. அவர் ஏமாந்தது அன்று. ஆனால் ஏமாறப் போகிறார் என்பது பதினைந்து நாளுக்கு முன்பே எனக்குத் தெரியும்" என்று காக்கா என்னிடம் சொன்னார்.

இரண்டும் ஒன்றல்ல

காக்காவின் தவறு எது? முதலாவதுக்கு ஏற்ற விடையை இரண்டாவதுக்கும் கொடுத்ததே தவறு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் பெயரைப் பற்றிய தொல்லைகள். இரண்டும் மின்னஞ்சலில் வந்தவை. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும்: பணம் யாரிடம் கேட்கப்படுகிறது?

நம்மை அச்சுறுத்தி நம்மிடமே பணம் கேட்பவருக்கு மௌனமே தக்க விடை. அங்கே இழப்பு நேர்ந்தால் அது நம்முடையது. அதைத் தாங்குவதும் தவிர்ப்பதும் நம் விருப்பம். ஆனால் நம் பெயரைச் சொல்லிப் பிறரிடம் பணம் கேட்பவரைப் பற்றி வாய்மூடி இருக்க நமக்கு உரிமை இல்லை. அங்கே இழப்பு நம்மை நம்பியவருடையது. நம் பெயர் கெடும் என்று அஞ்சி மறைத்தால், பெயர் கெடாது. அதை நம்பியவர்தான் கெடுவார். பிறகு பெயரும் கெடும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நம் பெயரை ஒருவர் பதிவு செய்து கொண்டு, அதை வைத்து யாரையும் ஏமாற்றாமல், நல்ல விலைக்கு நம்மிடமே விற்கக் காத்திருப்பார். இங்கே அவசரம் தேவையில்லை. 'டாட் காம்' அவரிடம் இருந்தால் நமக்கு 'டாட் இன்' போதுமா, வழக்காடும் செலவு பெயரின் பயனுக்குத் தகுமா என்று அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். பெயரைக் கொண்டு மோசடி நடந்துவிட்ட பின்னரோ, மோசடி செய்தவனுக்கே விலை கொடுத்து அதை வாங்குவது கூடாது. அவன் அடுத்த எழுத்தை இரட்டித்து இன்னொரு பெயரோடு வருவான்.

உடனே செய்ய வேண்டியவை

இரண்டாம் வகை மோசடி நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை, காக்காவின் மகள் பின்னர் செய்த முறையிலேயே கூறுகிறேன்.

முதற்காரியம், நம்மோடு தொடர்புள்ள அனைவருக்கும் அறிவிப்பது. அதையும் மின்னஞ்சலில் அன்று. முன்பே நம்மிடமுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் உடனே மாற்ற வேண்டும். நம் வரவு செலவுகளை அறிந்து எழுதுகிறவன், நம்முடைய அஞ்சல் பெட்டியையோ வாங்குபவரின் அஞ்சல் பெட்டியையோ முன்னரே திறந்து படித்திருக்கவும் கூடும்.

இரண்டாவது, பணம் போயிருந்தால் ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் பணம் அனுப்பிய வங்கிக்குச் சொல்லி நிறுத்தக் கேட்பது. இந்தியாவில் இருப்பவர் 1930 என்ற எண்ணை அழைத்து, அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் முறையீட்டைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் பணம் இழந்தவர் அந்நாட்டு வங்கியையும் காவல்துறையையும் அணுக வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும்; நாள் கடந்தால் கை நழுவிவிடும்.

மூன்றாவது, சான்றுகளைக் காப்பது. போலி மின்னஞ்சலை அழிக்கக் கூடாது. போலித் தளம் இருந்தால் அதன் பக்கங்களை நாள் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும்.

நான்காவது, அந்தப் போலிப் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்திடம் முறையிடுவது. எந்தப் பெயரை எந்த நிறுவனம் பதிவு செய்தது என்பதை இணையத்தில் எவரும் தேடி அறியலாம். பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் பதிவு செய்து கொடுத்த நிறுவனமும், முறைகேடுகளை அதற்குத் தெரிவிக்க வேண்டிய முகவரியும் மறைக்கப்படுவதில்லை. உலக அளவில் டொமைன்களை நெறிப்படுத்தும் ஐகேன் என்னும் அமைப்பு, 2024 ஏப்ரல் 5 முதல் ஒரு கடமையை விதித்திருக்கிறது. 'டாட் காம்' போன்ற பெயர்களைக் கொண்டு இத்தகைய தூண்டில் மோசடி நடப்பதற்குத் தக்க சான்று கிடைத்தால், பதிவு நிறுவனம் அதைத் தடுக்க விரைந்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆகவே 'எங்கோ இருக்கும் நிறுவனம் நம் சொல்லைக் கேட்குமா?' என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. சான்றோடு, சுருக்கமாக, மரியாதையாக எழுதினால் போதும்.

நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி, கணினி வழியே ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் அறிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஓர் எழுத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை

ஓர் எழுத்து கூடினால் பெயர் வேறாகி விடாதா, சட்டம் அதை ஏற்குமா என்ற ஐயம் எழலாம். இதே கேள்வி நம் சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம், தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்ற சொல்லைப் புதிதாக உருவாக்கி, 1999-இல் சிஃபிநெட் முதலிய டொமைன்களைப் பதிவு செய்து கொண்டது. 2001-இலும் 2002-இலும் வேறொரு நிறுவனம், இடையே 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் இரட்டித்து, அதே ஓசையில் பெயர்களைப் பதிவு செய்தது. தங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவருடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே அப்பெயரைப் படைத்ததாக அவர்கள் கூறினார்கள். பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணையப் பெயருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பதும், ஒருவர் தம் சரக்கைப் பிறர் சரக்குப் போலக் காட்டுவதை அனுமதிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1999-இல், யாஹூ என்ற பெயரோடு 'இந்தியா' என்பதைச் சேர்த்துப் பதிவு செய்தவருக்கு டில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது.

நீதிமன்றம் செல்லாமலே தீர்க்கும் வழியும் இருக்கிறது. 'டாட் காம்' போன்றவற்றுக்கு 1999-இலிருந்து ஒரு நடுவர் முறை நடைமுறையில் உள்ளது. 'டாட் இன்' பெயர்களுக்கு நிக்ஸி என்னும் நம் நாட்டு அமைப்பிடம் முறையிடலாம். பொதுவாக மூன்றை நிறுவ வேண்டும்: அப்பெயர் நமக்கு உரிமையுள்ள பெயரோடு மயங்கும்படி இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு அதைக் கைக்கொண்டார். வென்றால் பெயர் நம்மிடம் வரும், அல்லது நீக்கப்படும். நட்ட ஈடு கிடைக்காது. ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரே நடுவர் விசாரிக்க 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். சிறு வணிகருக்கு இது சிறு தொகையன்று. ஆகவேதான் முதலில் பதிவு நிறுவனத்திடம் முறையிடுங்கள் என்கிறேன்.

நம் பெயரை வணிகச் சின்னமாக முன்பே பதிவு செய்திருந்தால் இவ்வழிகள் எல்லாம் எளிதாகும். தனியாரும் சிறு தொழில் நிறுவனங்களும் இணைய வழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். ஒரு தோணி ஏற்றுமதியின் செலவில் இது எம்மாத்திரம்?

பெயரொத்தவர் எல்லாம் கள்வர் அல்லர்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் சமுதாயத்தில் ஒரே பெயர் நூறு குடும்பங்களுக்கு உண்டு. மரைக்காயர் என்ற பெயரில் நாகூரிலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் கடைகள் இருக்கும். உங்கள் வாப்பாவின் பெயரும் மற்றொருவரின் வாப்பாவின் பெயரும் ஒன்றாயிருந்தால், அவர் முந்திக் கொண்டு அப்பெயரைப் பதிவு செய்தது குற்றமாகாது. அது அவருக்கும் சொந்தப் பெயரே.

1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்து என்று சொல்லி விற்பதில் பிழை இல்லை. இயற்கை முத்து என்று சொல்லி விற்றால்தான் மோசடி. பெயரும் அப்படியே. ஒத்திருப்பது குற்றமன்று, பிறராகத் தம்மைக் காட்டிக் கொள்வதே குற்றம். உரியவர் ஒருவரிடமிருந்து பெயரைப் பறிப்பதற்காக முறையீடு செய்பவரை, 'இவரே பெயரைக் கைப்பற்ற முயல்கிறார்' என்று நடுவர்கள் தீர்ப்பில் பதிவு செய்வதும் உண்டு. எனவே முறையீட்டைத் தொடுக்கும் முன், எதிரில் இருப்பவர் யார் என்று ஒரு தொலைபேசி அழைப்பிலாவது விசாரியுங்கள்.

நம் வீட்டுக் கதவைப் பார்ப்போம்

வெளியிலிருந்து வரும் கள்வரைவிட நம் கவனக்குறைவால் போகும் பெயர்களும் உண்டு. நம் ஊர்களில் பொதுவாக நடப்பது இதுதான். தெருவிலுள்ள ஒரு தம்பி இணையதளம் அமைத்துக் கொடுப்பார். டொமைனைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சலிலேயே பதிவு செய்து விடுவார். இரண்டாண்டில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சென்று விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருடைய பழைய அஞ்சல் பெட்டியில் கிடக்கும். ஒருநாள் ஜமாஅத்தின் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் தெரியும். தம்பி மீது குற்றமில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்காத நம் மீதே குற்றம்.

ஆகவே கடை, பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளை என எதற்கு டொமைன் இருந்தாலும், அது நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, அறிவிப்பு வரும் மின்னஞ்சல் பொறுப்பாளர் இருவரேனும் பார்ப்பதா, காலாவதி நாள் எது, வேறிடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு இடப்பட்டிருக்கிறதா என்ற நான்கையும் பாருங்கள். 'டாட் காம்' பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனத்தின் விதியைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான முறையில் புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே பெயரை ஏலம் விடுவதும் உண்டு. பெயர் நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். அதற்குப் பின் 5 நாளில் அது சந்தைக்கு வந்துவிடும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறையும் ஒரு சிக்கல். மரைக்காயர், முஹம்மது, காயல்பட்டினம் ஆகியவற்றை நாமே ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். தூத்துக்குடிக்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து வடிவங்கள் உண்டு. இந்தப் பழக்கத்தால், ஓர் எழுத்து மாறியிருப்பது நம் கண்ணை உறுத்துவதில்லை. நிறுவனத்தின் பெயருக்கு ஒரே எழுத்து வடிவத்தை முடிவு செய்து, பலகையிலும் ரசீதிலும் மின்னஞ்சலிலும் அதையே கையாளுங்கள். மிக நெருங்கிய ஓரிரு வடிவங்களையும் பதிவு செய்து வைக்கலாம். எல்லா வடிவங்களையும் வாங்கி மாளாது; அது தேவையும் இல்லை.

வணிகம் செய்யாதவர்களுக்கும்

'எங்கள் வீட்டில் டொமைனும் இல்லை, தோணியும் இல்லை' என்று சகோதரிகள் எண்ணலாம். ஆனால் ஏமாற்றுவோர் வலை விரிப்பது பெரும்பாலும் உங்களுக்காகவே. அமுல் பால் பொருள்களின் விற்பனை உரிமை தருவதாகப் போலித் தளங்களை அமைத்துப் பணம் பறித்தவர்கள் மீது, அந்நிறுவனம் 2020-இல் டில்லி உயர் நீதிமன்றம் சென்று தடை பெற வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்று அமுலின் பெயரையே தன் டொமைனில் வைத்திருந்தது.

முகவரியைப் படிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். அரபு எழுத்தை வலமிருந்து படிக்க நம் பிள்ளைகள் அறிவார்கள். இணைய முகவரியையும் அவ்வாறே படியுங்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்வுக் கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சாய்வுக் கோடு வரும் இடம் வரைதான் டொமைன். அதன் வலது முனையில் இருப்பதே உண்மையான உரிமையாளரைக் காட்டும். இடப்பக்கத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எவரும் எழுதிக் கொள்ளலாம். இந்திய ஹஜ் கமிட்டியின் தளம் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படும் முடிவு அது. ஹஜ் கமிட்டி என்ற சொல் இடப்பக்கத்தில் இருந்து, முடிவு வேறாக இருந்தால் விலகி விடுங்கள். வங்கிகளுக்காக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 'பேங்க் டாட் இன்' என்ற தனி முடிவை அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று பணித்தது. உங்கள் வங்கியின் முகவரியிலும் அந்த முடிவைப் பார்த்த பின்னரே விவரங்களைத் தட்டச்சு செய்யுங்கள்.

காக்கா எடுத்த முடிவு

சான்றுகளோடு முறையிட்ட பின் அந்தப் போலிப் பெயர் முடக்கப்பட்டது. மாலே வணிகரின் பணம் மட்டும் திரும்பவில்லை. அதற்குள் அது கணக்கு மாறிப் போயிருந்தது.

"அவர் அனுப்பியது வேறொருவன் கணக்குக்கு, நீங்கள் ஈடு செய்யச் சட்டப்படி கடமை இல்லை" என்று வழக்கறிஞர் கூறினார். காக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலேக்குத் தாமே தொலைபேசியில் அழைத்தார். தமக்குப் பதினைந்து நாள் முன்னரே தெரியும் என்பதை மறைக்காமல் சொன்னார். இழந்த தொகையில் பாதிக்குரிய சரக்கைத் தம் செலவில் அடுத்த தோணியில் ஏற்றுவதாகவும் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அந்த வணிகர், "நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றாராம்.

"அதனால்தான் சொன்னேன்" என்று காக்கா பதில் கூறியிருக்கிறார்.

அந்த வணிகர் இன்றும் அவரிடமே சரக்கு வாங்குகிறார். இப்போது காக்காவின் நிறுவனத்திலிருந்து செல்லும் ஒவ்வொரு ரசீதின் அடியிலும் மகள் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் அறிவிக்க மாட்டோம், நேரில் அழைத்தே சொல்வோம்.' நிறுவனத்தின் பெயருக்கு வரும் எந்தச் செய்தியையும் முதலில் மகளிடம் காட்டிய பின்னரே காக்கா பேசுகிறார்; அல்லது பேசாதிருக்கிறார்.

உங்களுக்கும் இத்தகைய அனுபவம் நேர்ந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் இன்றே சொல்லுங்கள். நாளை அவருக்கும் அதே மின்னஞ்சல் வரக்கூடும். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.